சின்ன அன்பளிப்பு வைக்கிற வாழ்த்து அட்டை: வன்னியில் வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாணம், குடிபூரல், சித்திரை வருசம், ஆசிரியர் தினம் என்று எதற்கும் இப்போது அட்டைக்குள்ளேயே ஒரு சின்னப் பொருளை வைத்துக் கொடுக்கப் பலர் விரும்புகிறார்கள். கடையில் வாங்கும் அட்டையில் அதற்கு இடம் இருப்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீட்டில் இருந்தே செய்பவர்கள் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. வெட்டி மடிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கும்.

முதலில் எதை முடிவு செய்வது? படத்தையா, அட்டையின் அளவையா?

இரண்டையும் இல்லை. கொடுக்கப் போகிற பொருளை மேசையில் வைத்து அளந்துவிட்டுத்தான் மட்டையைத் தொட வேண்டும். நீளம், அகலத்தை எல்லோரும் அளப்பார்கள். அட்டையின் தலைவிதியைத் தீர்மானிப்பது தடிப்பு. பொருளின் கீழே ஒரு மட்டைத் துண்டும் மேலே ஒரு மட்டைத் துண்டும் வைத்து, இடையில் உள்ள வெளியை அடிமட்டத்தால் அளந்தால் போதும்.

ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் (காசுத் தாள், படம், ரீலோட் அட்டை, பேருந்து அல்லது படக்காட்சி ரிக்கெட்) சாதாரண மடிப்பு அட்டையில் ஒரு பையோ கீறலோ வைத்தால் வேலை முடிந்தது. ஒன்றிலிருந்து ஐந்து மி.மீ. வரை (நாணயம், மெல்லிய சங்கிலி, விதைப் பொட்டலம்) என்றால் உள்ளே குழி, அதாவது பொருள் படுக்கத் துளை வெட்டிய தடித்த மட்டை, வேண்டும்; முதுகு மெல்லியதாக இருந்தால் போதும். ஐந்துக்கு மேல் போனால் குழியோடு அட்டைக்கு அகலமான முதுகும் வேண்டும். முதுகு என்பது புத்தகத்துக்கு இருப்பதுபோல முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் வரும் பட்டி. பதினைந்தைத் தாண்டினால் அட்டையை விட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டி செய்து, அதற்கு மேலே வாழ்த்தை ஒட்டுங்கள். அந்தத் தடிப்பை அட்டைக்குள் அடைக்கப் பார்த்தால் அது ஒருநாளும் மூடாது.

எந்த மட்டை வாங்குவது?

புத்தகக் கடையில் கிடைக்கும் பிறிஸ்டல் போட் போதும். கனம் கேட்டு வாங்க முடிந்தால் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் மட்டையின் பாரம், கிராமில்) வரை கேளுங்கள். அதற்குக் குறைந்தால் பொருளின் பாரத்தில் அட்டை வளையும், கூடினால் மடிப்பு வெடிக்கும்.

மட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. மட்டையை மெதுவாக ஒரு பக்கமாக வளைத்துப் பாருங்கள், பிறகு மற்றப் பக்கமாக. எந்தப் பக்கம் இலேசாக வளைகிறதோ அந்த வளைவுக்குச் சமாந்தரமாக உங்கள் மடிப்பு வர வேண்டும். பெரிய ஒற்றையை மிச்சமில்லாமல் வெட்டவேண்டும் என்று திசையைப் பார்க்காமல் வெட்டினால் பாதி அட்டைகள் மடிப்பில் பிளந்துபோகும்.

குழி செய்வதற்குக் கடைகளில் சாமான் வந்து இறங்கும் அலைமட்டைப் பெட்டியே நல்லது. ஒற்றை அலை உள்ளது ஏறக்குறைய மூன்று மி.மீ. தடிப்பு வரும். பலசரக்குக் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். ஈரம் பட்ட பெட்டியும் மீன் வந்த பெட்டியும் வேண்டாம்.

மடிக்கிற இடம் வெடித்து வெள்ளை தெரிகிறது. என்ன செய்ய?

மடிக்கிறதுக்கு முன் கோடு அழுத்துங்கள். மை முடிந்த பேனையை அடிமட்டத்தின் ஓரமாக வைத்து, கிழியாத அளவுக்கு இரண்டு தரம் இழுத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பிளேட்டால் அரைவாசி வெட்டி மடிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பார்க்க நேராக இருக்கும், நாலு தரம் திறந்து மூடினால் கையோடு வந்துவிடும்.

முதுகு, குழி என்கிறீர்கள். அளவோடு ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஆறு மி.மீ. தடிப்புள்ள ஒரு சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்வோம்.

ஏ4 மட்டை 210க்கு 297 மி.மீ. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 105க்கு 297 அளவில் இரண்டு துண்டு, அதாவது இரண்டு அட்டை. ஒரு துண்டில் இடது ஓரத்திலிருந்து 144 மி.மீ.யில் ஒரு கோடும், 152இல் இன்னொரு கோடும் அழுத்துங்கள். முன்பக்கம் 144, முதுகு 8, பின்பக்கம் 145. முன்பக்கம் ஒரு மி.மீ. குறைவதால் மூடும்போது பின்பக்கத்தைத் தாண்டி வெளியே நீட்டாது.

முதுகு 8 என்பது எங்கிருந்து வந்தது? பொருளின் தடிப்பு 6. குழியின் மேல் ஒட்டும் மூடுதாளுக்கும் பசைக்கும் சேர்த்து 1. மூச்சு விட 1. வேறு பொருளுக்கும் இதே கணக்குத்தான்.

இனிக் குழி. பின்பக்கத்தின் அளவிலிருந்து நாலு ஓரமும் 3 மி.மீ. குறைத்து இரண்டு அலைமட்டைத் துண்டு வெட்டுங்கள். இரண்டையும் ஒட்டினால் 6 மி.மீ. வரும். அதில் சாவிக்கொத்தின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, அதைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. கூட்டித் துளை வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் விரல் நுனி போகிற அளவுக்கு அரைவட்டமாகக் கூடுதலாக வெட்ட மறக்க வேண்டாம். அந்த அரைவட்டம் இல்லாமல் நகத்தால் கிண்டி எடுக்கிற அட்டைகளை நிறையப் பார்க்கிறேன். பிறகு அதே துளை வெட்டிய ஒரு நல்ல தாளை மேலே ஒட்டினால் அலைமட்டையின் கபில நிறம் மறையும். குழியைப் பின்பக்கத்தின் உள்ளே ஒட்டி, பொருளை இறக்கி, முன்பக்கத்தை மூடிப் பாருங்கள். அட்டை பலகைபோல் மட்டமாக இருக்க வேண்டும். நடுவில் பொம்மினால் முதுகை ஒரு மி.மீ. கூட்டுங்கள்.

குழியை எப்போதும் பின்பக்கத்திலும், கொஞ்சம் கீழேயும் வையுங்கள். முன்பக்கத்தில் வைத்தால் அட்டையை மேசையில் நிறுத்தியதும் முகம் குப்புற விழும்.

திறந்தவுடனே பொருள் தெரிய வேண்டுமா, மறைந்திருக்க வேண்டுமா?

மறைந்திருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பொருள் கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் எழுதியதை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். குழிக்கு மேலே ஒரு சின்னக் கதவு வைத்து, வாழ்த்தை அந்தக் கதவின் மேலே எழுதுங்கள். வாசித்து முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். கதவில் ஒரு ரிபன் நுனியை விட்டுவிட்டால் எங்கே பிடித்து இழுப்பது என்று தனியாக எழுதத் தேவையில்லை. அம்மம்மா, அப்பப்பா வயதில் உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது ரிபன் அகலமாக இருக்கட்டும், மெல்லிய நூலை அந்த விரல்களால் பிடிக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மாறி யோசிக்கலாம். முன்பக்கத்திலேயே ஒரு ஜன்னல் வெட்டி, பொருள் தெரியும்படி கொடுத்தால் அதுகளுக்குப் பெரிய புழுகம்.

காசு வைக்கிற அட்டையை எப்படி வடிவமைப்பது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் பிழை விடுவதும் இதில்தான்.

ஆயிரம் ரூபாய்த் தாள் நீளத்தில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், அகலத்தில் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே சொன்ன 145 மி.மீ. அட்டைக்குள் அது நீட்டிப் படுக்காது. ஒன்றில் தாளை ஒருமுறை நடுவில் மடித்து வைக்க வேண்டும், அல்லது ஏ4 தாளை மூன்றாக மடித்த அளவில், அதாவது 99க்கு 210 மி.மீ. அளவில், நீளமான அட்டை செய்ய வேண்டும். இரண்டாவதுதான் என் தேர்வு. கல்யாண வீட்டில் கொடுக்கிற நீள உறைக்குள்ளும் அது சரியாகப் போகும்.

தாளைப் பிடித்து வைக்க மூன்று வழி. ஒன்று, கீழே ஒரு பை. தாளின் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் உள்ளே காசு இருப்பது தெரியும். வெறும் அட்டை என்று நினைத்து எறியப்பட்டவை உண்டு. இரண்டு, நாலு மூலைக்கும் நாலு சரிந்த கீறல், பழைய புகைப்பட அல்பத்தில் படத்தின் மூலைகளைச் செருகுகிற மாதிரி. மூன்று, தாளைக் குறுக்கே சுற்றி ஒரு காகிதப் பட்டி.

ஒட்டவே கூடாது. ஸ்டேப்ளர் அடிக்கவும், குண்டூசி குத்தவும், தாளில் பேனையால் வாழ்த்து எழுதவும் கூடாது. தாளை வேண்டுமென்று வெட்டுவதும் துளைப்பதும் எழுதுவதும் இலங்கைச் சட்டப்படி குற்றம். அப்படிச் சிதைக்கப்பட்ட தாளுக்கு மத்திய வங்கி பெறுமதி கொடுப்பதில்லை. காசுத் தாளைப் பூவாகவும் சட்டையாகவும் மடித்து ஒட்டிக் கொடுக்கிற ஒரு நாகரிகம் இப்போது கல்யாண வீடுகளில் ஓடுகிறது. மடிப்பதோடு நின்றால் சரி, பசை தொட்டால் பிழை.

இன்னொன்று. விழா வீட்டில் அட்டைகள் எல்லாம் ஒரு பைக்குள் போய், இரவில்தான் திறந்து கொப்பியில் எழுதுவார்கள். உறை ஒரு பக்கம் அட்டை ஒரு பக்கம் போகும். உறையில் மட்டும் பெயர் எழுதினால் மாமி தந்ததா மச்சாள் தந்ததா என்று தெரியாமல் போய்விடும். அட்டைக்கு உள்ளேயும் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஒரே பெயரில் நாலு பேர் வருகிற சனம் நாங்கள்.

சித்திரை வருசத்துக்குக் கைவிசேஷ அட்டை செய்யலாமா?

செய்யலாம், அழகாக வரும். ஆனால் கைவிசேஷம் கையால் கொடுத்துக் கையால் வாங்க வேண்டியது. அட்டையைத் தபாலில் போட்டால் அது வெறும் வாழ்த்து. தூர நிற்கிற பேரப்பிள்ளைக்கு முதலிலேயே செய்து வைத்து, நேரம் பார்த்து வீட்டில் யாராவது பெரியவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாணயத்துக்கு ஒற்றை அலைமட்டைக் குழி போதும், முதுகு மெல்லியதாக 4 அல்லது 5 மி.மீ. இருந்தால் சரி. துளையை நாணயத்தை வைத்தே வரையுங்கள். ஒரே பெறுமதியில் பழைய நாணயமும் புது நாணயமும் அளவில் வேறுபடும் என்பதால் எந்த நாணயத்தைக் கொடுக்கப் போகிறீர்களோ அதையே வைத்து வரைய வேண்டும். குழியின் அடியில் ஒரு துண்டு வெல்வெட் துணியோ சிவப்புத் தாளோ ஒட்டினால் நாணயம் எடுப்பாகத் தெரியும், உள்ளே கிலுங்கவும் செய்யாது.

வெற்றிலையை உள்ளே வைக்க வேண்டாம். ஒரு இரவிலேயே ஈரம் மட்டையில் ஊறிக் கறை படியும். பச்சைத் தாளில் வெற்றிலை வடிவம் வெட்டி, நரம்புகளைப் பேனையால் அழுத்தி, அதையே குழியின் கதவாக வைக்கலாம். உண்மையான வெற்றிலையைத் தட்டத்தில் வையுங்கள்.

தோடு, மோதிரம், சங்கிலி வைப்பதற்கு?

மூன்றுக்கும் மூன்று வழி.

தோட்டுக்குத் தனியாக ஒரு சின்ன மட்டைத் துண்டு. இரண்டு துளை, நடுவில் ஒன்றரை அல்லது இரண்டு செ.மீ. இடைவெளி. தண்டை முன்னாலிருந்து செருகிப் பின்னால் சுரையைப் பூட்டுங்கள். சுரை பின்னால் துருத்துமே, அதற்குத்தான் குழி. தோட்டின் முகத்தையும் சுரையையும் சேர்த்து அளந்தால் பெரும்பாலும் பத்து மி.மீ.க்கு மேல் போகும். பிடவைக் கடைகளில் விற்கிற சின்ன விலைத் தோடு என்றால் சுரையைத் தனியாக ஒரு பொட்டலத்தில் வைத்து, தண்டை மட்டும் செருகலாம்.

மோதிரத்தை மட்டமாகப் படுக்க வைத்து, வளையத்துக்குள்ளால் ரிபனை விட்டு, இரண்டு துளையால் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். முன்னால் ஒரு பூமுடிச்சு. அதை அவிழ்த்தால்தான் மோதிரம் வரும் என்பதால் அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. கல் உயரமாக இருந்தால் தீப்பெட்டியின் உள் இழுப்பறை கைகொடுக்கும். வெளிக்கூட்டை அட்டையோடு ஒட்டி, மருந்துப் பட்டையை மூடித் தாள் சுற்றி, இழுப்பறைக்குப் பஞ்சு வைத்தால் இழுத்தெடுக்கிற பெட்டி தயார். இந்த அட்டைக்கு முதுகு ஏறக்குறைய 18 மி.மீ. வேண்டும், ஆகவே அட்டை என்று சொல்லக் கூடியதன் எல்லையில்தான் நிற்கிறோம்.

சங்கிலி சிக்குப்படும். மடு மாதா கோவிலில் வாங்கிய செபமாலையும் அப்படித்தான். நீட்டி ஒரு வளையமாக வைத்து மூன்று அல்லது நாலு இடத்தில் மெல்லிய நூலால் மட்டையோடு கட்டுங்கள். கொக்கி உள்ள இடத்தைக் கட்டாயம் கட்ட வேண்டும்.

பவுண் நகை என்றால் கடைச் சிட்டையையும் வைக்க ஒரு பை விடுங்கள். குழியின் பின்னால், பார்வைக்குத் தெரியாத இடத்தில். விலை தெரியக் கூடாது என்று சிட்டையைக் கொடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு நகையை மாற்றப் போகும்போது அந்தப் பிள்ளை திண்டாடும்.

இனிப்பு வைக்கலாமா?

சொக்லேட் வேண்டாம். அது 34 பாகையைத் தொட முதலே இளகிவிடும், வன்னியில் பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் பகல் வெயில் அதைத் தாண்டுகிற நாட்கள் நிறைய. ஏ9 வீதியில் ஜன்னலோரம் பையோடு வரும் அட்டையின் நிலை உங்களுக்கே தெரியும்.

கற்கண்டு, ஏலக்காய், கராம்பு இவை தாங்கும். எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் எல்லாம் எண்ணெய் விடும், மட்டையில் வட்டம் விழும். வைத்தே ஆகவேண்டும் என்றால் எண்ணெய்த் தாளில் சுற்றிச் சிப் லொக் பைக்குள் போட்டு, கொடுக்கிற அன்று காலையில் வையுங்கள். எறும்புக்கு ஒரு சின்ன ஓட்டை போதும்.

நெல்லும் விதையும் வைத்த அட்டை எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தது இது. குடிபூரலுக்குப் போகும்போது பயித்தங்காய், வெண்டி, கத்தரி விதைகளை மூன்று சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, ஒவ்வொன்றிலும் பெயரும் எடுத்த மாதமும் எழுதி அட்டைக்குள் வைத்தால், புதுவளவுக்கு அதைவிடப் பொருத்தமான அன்பளிப்பு எது? செலவும் இல்லை. விதையை நன்றாகக் காயவிட்டு வையுங்கள், ஈர விதையைப் பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காகிதப் பொட்டலமே போதும். அட்டையின் மூலையில் நடுகிற ஆழத்தையும் இடைவெளியையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

காலபோக அறுவடை முடிகிற மாசியில் புது நெற்கதிரை அலங்காரமாக வைக்கலாம். கதிரைப் பழைய பத்திரிகைக்குள் வைத்துப் பாரமேற்றி ஒரு கிழமை விட்டால் தட்டையாகும். மொட்டைக்கறுப்பன் கதிர் என்றால் உமியின் நிறமே அலங்காரம், வேறு வண்ணம் தேவையில்லை. பசையால் ஒட்டாமல் தாளில் இரண்டு கீறல் போட்டுக் காம்பைச் செருகுங்கள், மணி உதிராது.

வெளிநாட்டில் இருக்கிற பெறாமகனுக்கு அனுப்பப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், விதையும் நெல்லும் வெளிநாட்டுக்கு வேண்டாம். பெரும்பாலான நாடுகள் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத விதையைப் பறிமுதல் செய்யும். உள்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசும் நாணயமும் நகையும் காப்புறுதி செய்யாத கடிதத்தில் போகக் கூடாது. இது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. யாராவது போய்வருபவர் கையில் கொடுத்துவிடுவதுதான் நடைமுறை.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் பிறகு விபூதியும் குங்குமமும் வைத்து அனுப்ப ஆசைப்படுபவர்கள் அதிகம். வெள்ளைப் பொடி உள்ள கடித உறை வெளிநாட்டுத் தபாலகத்தில் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் கைப்பட அனுப்ப வேண்டிய பொருள். அட்டையில் ஒரு மஞ்சள் கயிறு வைக்கலாம், தட்டையானது, கொட்டாது.

பொருள் வைத்த அட்டை வெளிநாட்டுத் தபாலில் கடிதமாகப் போகாது. கடிதம் என்றால் எழுத்து மட்டும். பொருள் இருந்தால் சிறு பொதியாக, சிஎன் 22 என்ற சுங்கச் சீட்டில் உள்ளே இருப்பதையும் பெறுமதியையும் எழுதி ஒட்டி அனுப்ப வேண்டும். ஆகவே என்ன பொருள் என்பதை மறைத்து வைக்கிற ஆச்சரியம் வெளிநாட்டுக்குச் சரிவராது, சீட்டிலேயே தெரிந்துவிடும். சீட்டை வெளி உறையில் ஒட்டி, உள்ளே அட்டைக்கு இன்னொரு உறை போடுங்கள்.

எங்கள் அட்டைக்கு உறை எங்கும் கிடைக்கவில்லையே?

கிடைக்காது. 145க்கு 105, தடிப்பு 8 என்ற அட்டைக்கு, ஒவ்வொரு அளவோடும் தடிப்பையும் 5 மி.மீ.யையும் கூட்டினால் 158க்கு 118 உறை வேண்டும். கடையில் உள்ள சி6 உறை 162க்கு 114. உயரம் போதாது. அடுத்த அளவான சி5 உறை 229க்கு 162, அதற்குள் அட்டை உருண்டு திரியும். கொப்பிக்கு உறை போடுகிற பிறவுன் பேப்பரில் நீங்களே செய்யுங்கள். பொருள் பாரமானால் தாளை இரட்டையாக எடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பிரின்ட் எடுத்தால் குழம்பி வருகிறது. ஏன்?

நீங்கள் கைப்பேசியில் தட்டச்சுச் செய்வது யூனிகோட். பல கொமினிகேஷன் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். யூனிகோட் எழுத்தை அங்கே ஒட்டி, எழுத்துருவை மட்டும் பாமினி என்று மாற்றினால் குப்பையாக வரும். இரண்டு வழி: ஒன்றில் யூனிகோட் எழுத்தையே பாமினிக்கு மாற்றித் தரும் கருவியால் மாற்றிக் கொடுங்கள், அல்லது வடிவமைப்பு முழுவதையும் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ கொண்டு போங்கள். படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும், வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஓரம் வரை நிறம் வரவேண்டும் என்றால் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூட்டி வரைந்து பிறகு வெட்டுங்கள்.

தடித்த மட்டையைப் பிரின்டர் இழுக்காவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். மெல்லிய தாளில் எடுத்து மட்டையில் ஒட்டலாம். உள்ளே எழுதுகிற வாழ்த்தையாவது கையால் எழுதுங்கள் என்பேன். அச்சடித்த நாலு வரிக் கவிதையைவிட உங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும்.

எந்தப் பசை?

தண்ணிக் கம் தாளை நெளிய வைக்கும். அகலமான இடத்துக்கு இரட்டைப் பக்க டேப், குழி மட்டைக்கு வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, மேலே பாரம் வைத்து ஒரு இரவு விடுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி விரைவானதுதான், ஆனால் வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் அது இளகும்.

மாரியில், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், மட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும். வாங்கிய ஒற்றையை நிமிர்த்திச் சுவரில் சாத்தாமல் பொலித்தீனில் சுற்றி மட்டமாக, நிலத்தைத் தொடாமல் வையுங்கள். கறையான் பிரச்சினை சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் பேனை வைத்து அட்டை செய்ய வேண்டும். இலகுவான வழி?

பேனையை உள்ளே வைக்காதீர்கள், பத்து மி.மீ.க்குக் குறையாது. அட்டையின் மடிப்பு ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு சோடி கீறல் போட்டு, அதற்குள் பேனையை வெளியிலிருந்து செருகினால் பேனையே அட்டைக்கு முதுகாகிவிடும். கீறலைப் பெரியவர்கள் போட்டுக் கொடுக்கட்டும், பிளேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மீதி வரைதலும் ஒட்டலும் அவர்கள் பாடு. ஒக்டோபர் 6க்கு ஒரு கிழமைக்கு முன்பே பேனைகளை வாங்கி ஒன்றைச் செருகிப் பாருங்கள், கொளுக்கி தடித்த பேனை கீறலைக் கிழிக்கும்.

செய்து விற்கலாமா? என்ன விலை சொல்வது?

விற்கலாம். மட்டை, ரிபன், பிரின்ட் செலவை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள், வெட்டுகிற நேரத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு குழி அட்டைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒருமுறை மணிக்கூட்டை வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி என்னவோ அதிலிருந்து அந்த நேரத்துக்கான பங்கைச் சேருங்கள். பொருளை வாங்குபவரே கொண்டுவரட்டும். அளந்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நகை என்றால் அவர் முன்னாலேயே அளந்து, மாதிரி அளவுக்கு ஒரு மட்டைத் துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பவுண் மோதிரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இரவு நித்திரை இல்லாமல் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.